நர்ஸ் நிறுத்தச் சொன்னால் டாக்டர் நிற்க வேண்டும்: மிச்சிகன் ஐ.சி.யு.க்களில் நடந்தது என்ன?

ஐ.சி.யு.வில் இருக்கும் நோயாளியின் கழுத்தோரத்திலோ காறை எலும்புக்குக் கீழேயோ ஒரு மெல்லிய குழாயைச் செருகி, மேலே கட்டு ஒட்டியிருப்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதைச் சென்ட்ரல் லைன் என்பார்கள். கையில் போடும் சாதாரண ஊசிக்குழாய் அங்குள்ள சிறிய ரத்தக்குழாயிலேயே நின்றுவிடும். இது இதயத்தை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய் வரை போகும். விழுந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தும் மருந்துகள் பெரும்பாலும் இதன் வழியாகத்தான் ஏறுகின்றன. உயிர் காக்கும் குழாய்தான், சந்தேகமில்லை. ஆனால் போடும்போது கொஞ்சம் அசந்தாலும் கிருமி நேராக ரத்தத்தில் இறங்கிவிடும். ஏற்கெனவே நொந்துபோன உடம்பு அதைத் தாங்காது.

இந்தத் தொற்றைத் தடுப்பது எப்படி என்பது ரகசியம் இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு, நோயாளியின் உடம்பு முழுவதும் கிருமி நீக்கிய துணியால் மூட வேண்டும். தோலைக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மருந்து கொண்டு துடைக்க வேண்டும். முடிந்தவரை தொடை இடுக்கில் லைன் போடக்கூடாது. தேவை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். இந்த ஐந்தும் எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்தவை. தெரிந்திருந்தும் தொற்று வந்துகொண்டேதான் இருந்தது. ஏன் வந்தது, எப்படிக் குறைந்தது என்பதைப் பார்த்தால், டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், நிர்வாகி என்று தனித்தனியாகப் படித்து வந்தவர்கள் ஒரே நோயாளியைச் சுற்றி எப்படி வேலை செய்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

2001 வாக்கில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இருக்கும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற தீவிர சிகிச்சை மருத்துவர் லைன் போடும் படிகளை ஒரு தாளில் எழுதினார். அதை உடனே டாக்டர்களிடம் கொடுத்துக் கடைப்பிடிக்கச் சொல்லவில்லை. முதலில் நர்ஸுகளிடம் கொடுத்தார். ஒரு மாதம், டாக்டர்கள் லைன் போடும்போது எந்தப் படியைச் செய்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்று பார்த்துக் குறிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படியாவது விட்டுப்போயிருந்தது. உலகப் பெயர் பெற்ற மருத்துவமனை அது.

இந்தக் கதையைச் சொல்கிற பலரும் அந்த எண்ணைப் பார்த்து வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது, அந்த எண் யாரிடமிருந்து வந்தது என்பது. நர்ஸுகள் அந்த மாதம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. ட்ரேயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிற்பவர்கள் அவர்கள். துணி பாதி உடம்பைத்தான் மூடியிருக்கிறது, கை கழுவாமலேயே கையுறை போட்டாயிற்று என்பதெல்லாம் அவர்கள் கண்முன்னே தினமும் நடந்துகொண்டிருந்ததுதான். அந்த விவரம் வருஷக்கணக்காக அதே அறைக்குள்ளேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்காமல் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அமெரிக்காவில் 2003இல் வெளியான ஒரு ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஐ.சி.யு.க்களில் வேலை செய்யும் டாக்டர்களிடமும் நர்ஸுகளிடமும், உங்களுக்குள் ஒத்துழைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நர்ஸுகளோடு ஒத்துழைப்பு நன்றாகவோ மிக நன்றாகவோ இருக்கிறது என்று சொன்ன டாக்டர்கள் 73 சதவீதம். டாக்டர்களோடு அப்படி இருக்கிறது என்று சொன்ன நர்ஸுகள் 33 சதவீதம். ஒரே வார்டு, ஒரே ஷிஃப்ட், ஒரே நோயாளிகள். வாய்விட்டுச் சொல்வது கஷ்டமாக இருக்கிறது, சொன்னாலும் எடுத்துக்கொள்வதில்லை, கருத்து வேறுபாடு வந்தால் சரியாகத் தீர்ப்பதில்லை என்பவை நர்ஸுகளின் குறைகள். நான் புரிந்துகொள்வது இதுதான்: சொன்ன ஆர்டர் தடையில்லாமல் நடந்தால் டாக்டருக்கு அது நல்ல ஒத்துழைப்பு. தான் பார்த்ததைச் சொல்லி, அது முடிவில் சேர்ந்தால்தான் நர்ஸுக்கு அது ஒத்துழைப்பு. தகவல் ஒரு பக்கமாக மட்டும் போய்க்கொண்டிருந்தால், மேலே இருப்பவருக்குக் குறை எதுவும் கண்ணில் படாது.

நோயாளியைப் பற்றிய அறிவு ஒருவரிடமே முழுதாக இருப்பதில்லை. நோயின் போக்கும் சிகிச்சையின் காரணமும் டாக்டருக்குத் தெரியும். ஆனால் அவர் அந்தக் கட்டில் பக்கத்தில் நிற்பது சில நிமிடங்கள். ஷிஃப்ட் முழுக்க இருக்கும் நர்ஸுக்கு, காலையில் பேசிய நோயாளி மத்தியானம் குழறுகிறார் என்பது தெரியும். இரண்டு மருந்துகள் ஒன்றோடு ஒன்று மோதும் என்பது மருந்தாளுநருக்குச் சட்டென்று கண்ணில் படும். வீட்டு ஆட்களுக்கு அந்த மனிதரே தெரியும். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 2001 பிப்ரவரியில் ஜோசி கிங் என்ற ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. வெந்நீர்க் காயத்தோடு வந்த குழந்தை, தேறிக்கொண்டிருந்தது. உடம்பில் நீர் வற்றிக்கொண்டே போவதை யாரும் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. குழந்தை தாகத்தில் தவிக்கிறாள், ஏதோ சரியில்லை என்று தாய் சாரல் கிங் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது எடுபடவில்லை. கொடுக்க வேண்டாம் என்று பேசி வைத்திருந்த வலிமருந்தும் கொடுக்கப்பட்டது. தேவையான விவரம் அத்தனையும் அந்தக் கட்டிலைச் சுற்றியே இருந்தது. அதைத் தாங்கிக்கொள்வதுதான் மிகவும் கஷ்டம். அந்தப் பெற்றோர் பின்னாளில் அதே மருத்துவமனையோடு சேர்ந்து நோயாளி பாதுகாப்புக்காக உழைத்தார்கள்.

சரி, லைன் விஷயத்துக்கு வருவோம். நர்ஸுகளின் கணக்கைப் பார்த்தபின் ப்ரோனோவோஸ்ட் நிர்வாகத்திடம் பேசி ஒரு ஏற்பாடு செய்தார். லைன் போடும்போது டாக்டர் ஒரு படியை விட்டால், நர்ஸ் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்லலாம். டாக்டர் நிறுத்தியாக வேண்டும். அவசர நிலை மட்டும் விதிவிலக்கு.

இரண்டு தரப்பும் எதிர்த்தன. டாக்டர்களைக் கண்காணிப்பது எங்கள் வேலையா, கேட்டால் எங்கள்மேல்தானே பாய்வார்கள் என்றார்கள் நர்ஸுகள். எல்லார் முன்னாலும் நர்ஸ் எங்களைத் திருத்தினால் மரியாதை என்ன ஆவது என்றார்கள் டாக்டர்கள். நம் ஊர் மருத்துவமனை ஒன்றில் இதை வைத்துப் பாருங்கள். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான ஸ்டாஃப் நர்ஸ், இருபது வருஷ அனுபவமுள்ள சீஃபைப் பார்த்து, "சார், கை கழுவலை, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வேண்டும். நம் சிஸ்டர்களுக்கு இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் கலை கைவந்தது. "சார், அந்தப் பக்கம் ஹேண்ட் ரப் வெச்சிருக்கேன் சார்" என்பார்கள். புரிந்துகொள்கிற டாக்டர் புரிந்துகொள்வார். புரிந்துகொள்ளாதவர் ஊசியைக் குத்திவிடுவார்.

ப்ரோனோவோஸ்ட் இரு தரப்பையும் ஒன்றாக உட்காரவைத்து, நோயாளிக்குத் தீங்கு செய்வது நமக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டார். சம்மதமில்லை என்றால், படி விட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எப்படிச் சரியாகும்? நர்ஸுகளிடம், டாக்டர் கேட்காவிட்டால் பகலோ ராத்திரியோ எந்த நேரமானாலும் என்னைக் கூப்பிடுங்கள் என்றார். தாளைவிட இந்த உறுதிமொழிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். பேசு என்று சொல்வது எளிது. பேசியவருக்கு அடி விழாமல் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் தன் பெயரை வைத்து நின்றால்தான் பேச்சு வரும்.

இன்னொரு சின்ன வேலையும் நடந்தது. லைன் போடத் தேவையான அங்கி, துணி, கையுறை, மருந்து எல்லாம் வார்டில் பல மூலைகளில் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றையும் தேடி எடுக்க வேண்டியிருந்ததால், கிடைத்ததை வைத்து வேலையை முடிப்பது வழக்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே ட்ராலியில் அடுக்கி வைத்தார்கள். எது எங்கே கிடைக்காது என்பது டாக்டரைவிட வார்டில் ஓடியாடும் நர்ஸுக்கும் உதவியாளருக்கும்தான் நன்றாகத் தெரியும். இதுவும் அறிவுதான். யாரும் அதை அறிவு என்று மதிப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

பத்து நோயாளிகளுக்கு ஒரு நாள் லைன் இருந்தால் அது பத்து லைன் நாட்கள் என்று கணக்கு. அந்த ஐ.சி.யு.வில் 1998இன் தொடக்கத்தில் 1,000 லைன் நாட்களுக்கு 11.3 ரத்தத் தொற்றுகள் வந்துகொண்டிருந்தன. 2002இன் கடைசிக் காலாண்டில் ஒன்றுகூட இல்லை. 43 தொற்றுகளும் 8 மரணங்களும் தவிர்க்கப்பட்டிருக்கும், சுமார் 20 லட்சம் டாலர் மிச்சமாகியிருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள்.

அதே குழு செய்த இன்னொரு சோதனை பலருக்குத் தெரியாது. எனக்கு லைன் கதையைவிட அது பிடிக்கும். ரவுண்ட்ஸ் முடிந்ததும், இந்த நோயாளிக்கு இன்று என்ன ஆக வேண்டும் என்பது புரிந்ததா என்று பயிற்சி மருத்துவர்களிடமும் நர்ஸுகளிடமும் கேட்டார்கள். புரிந்தது என்றவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. பெரிய டாக்டர் பேசியிருக்கிறார், எல்லாரும் தலையாட்டியிருக்கிறார்கள், கேஸ் ஷீட்டில் எழுதியும் ஆயிற்று. ஆனால் வென்டிலேட்டரை இன்று எடுக்கப் பார்க்கிறோமா, நாளை வார்டுக்கு மாற்றத் தடையாக இருப்பது எது என்று யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. எனவே ஒவ்வொரு நோயாளிக்கும் அன்றைய இலக்குகளை ஒரு தாளில் எழுதி, ரவுண்ட்ஸிலேயே வாய்விட்டு வாசித்து, கட்டிலோடு வைத்தார்கள். எட்டே வாரத்தில் புரிந்தது என்றவர்கள் 95 சதவீதத்தைத் தாண்டினார்கள். ஐ.சி.யு.வில் தங்கும் நாள் சராசரியாக 2.2இல் இருந்து 1.1 ஆகக் குறைந்தது. 2003இல் வெளியான முடிவு இது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை. ஒருவர் மனதில் இருந்தது எல்லார் கைக்கும் வந்தது, அவ்வளவுதான்.

மருந்தாளுநர் கதையும் இதே மாதிரிதான். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஐ.சி.யு. ஒன்றில், கீழே மருந்தகத்தில் உட்கார்ந்து சீட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்த மருந்தாளுநரைக் காலை ரவுண்ட்ஸில் டாக்டர்களோடு நடக்கவைத்தார்கள். மருந்து எழுதும்போது நடக்கும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 66 சதவீதம் குறைந்தன. 1999இல் வந்த இந்த ஆய்வில் அவர் சொன்ன யோசனைகளில் 99 சதவீதத்தை டாக்டர்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதைக் கவனியுங்கள். டாக்டர்கள் பிடிவாதக்காரர்கள், யார் சொன்னாலும் கேட்கமாட்டார்கள் என்று பொத்தாம்பொதுவாகப் பேசுகிறோமே, இங்கே அது பொய்த்துவிட்டது. எழுதிய பிறகு மருந்தகத்திலிருந்து போன் வந்தால், அது திருத்தம். எழுதும்போதே பக்கத்தில் நின்று, இந்தச் சிறுநீரகத்துக்கு இந்த அளவு அதிகம், குறைக்கலாமே என்றால், அது உதவி. விஷயம் ஒன்றுதான், வந்து சேர்கிற நேரமும் இடமும் வேறு.

பால்டிமோரில் ஒரு ஐ.சி.யு.வில் நடந்தது மற்ற இடங்களிலும் நடக்குமா என்று பார்க்க மிச்சிகன் மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த மாநில மருத்துவமனைகளின் சங்கம் முன்வந்தது. கீஸ்டோன் ஐ.சி.யு. திட்டம் என்று பெயர். 108 ஐ.சி.யு.க்கள் சேர்ந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு டாக்டரும் ஒரு நர்ஸும் தலைமை ஏற்க வேண்டும். அடுத்த நோயாளிக்கு நம்மால் எப்படித் தீங்கு வரக்கூடும் என்ற கேள்வியை அங்கே வேலை செய்யும் எல்லாரிடமும் கேட்டார்கள்.

ஒவ்வொரு ஐ.சி.யு.வுக்கும் ஒரு மூத்த நிர்வாகியைப் பொறுப்பாக்கி, மாதம் ஒருமுறையாவது அங்கே நேரில் வரச் சொன்னார்கள். நிதி அறிக்கையில் வார்டைப் பார்த்துப் பழகிய நிர்வாகிகளுக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் நேரில் வந்தபோதுதான், அந்த மாநிலத்தின் ஐ.சி.யு.க்களில் மூன்றில் ஒரு பங்கில்கூடக் குளோர்ஹெக்சிடின் இல்லை என்ற விஷயம் பிடிபட்டது. தொற்று குறையவில்லையே என்று டாக்டரையும் நர்ஸையும் எத்தனை முறை கூட்டிப் பேசினாலும், அலமாரியில் இல்லாத மருந்தைக் கொண்டு தோலைத் துடைக்க முடியாது. வாங்கும் அதிகாரம் நிர்வாகியிடம் இருந்தது, இல்லை என்ற விவரம் நர்ஸிடம் இருந்தது. இரண்டும் ஒரே அறையில் சந்தித்த சில வாரங்களில் மருந்து வந்து சேர்ந்தது. பிறகு தேவையான துணியையும் மருந்தையும் சேர்த்து ஒரே பெட்டியாகத் தயாரிக்கும்படி லைன் தயாரிக்கும் நிறுவனத்திடமே பேசினார்கள்.

முடிவுகள் 2006 டிசம்பரில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தன. 1,000 லைன் நாட்களுக்குத் தொற்று சராசரியாக 7.7 ஆக இருந்தது, 16 முதல் 18 மாதத்தில் 1.4 ஆகக் குறைந்திருந்தது. வரிசையில் நடுவில் நிற்கும் ஐ.சி.யு.வை எடுத்துக்கொண்டால், 2.7 ஆக இருந்தது மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. அடுத்த ஒன்றரை வருஷமும் அந்தக் குறைவு நிலைத்தது என்று 2010இல் இன்னொரு கட்டுரை உறுதி செய்தது.

உலகம் இதிலிருந்து எடுத்துக்கொண்டது என்ன? பட்டியல். ஒரு தாளில் ஐந்து வரி எழுதி டிக் அடித்தால் உயிர் பிழைக்கும் என்று செய்திகள் பரவின. அங்கேதான் கோளாறு தொடங்கியது.

உலக சுகாதார நிறுவனம் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு பாதுகாப்புப் பட்டியலை உருவாக்கி, புது டெல்லி, டொரண்டோ, மணிலா உள்ளிட்ட 8 நகரங்களில் சோதித்துப் பார்த்தது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் உள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு படி. பெயரைச் சொல்லி ஒருமுறை வாய் திறந்தவர், பிறகு ஏதாவது தவறு கண்ணில் பட்டால் மறுபடி வாய் திறப்பார் என்ற எண்ணத்தில் வைத்த படி அது. 2009இல் வந்த முடிவின்படி மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தன. பெரிய சாதனை. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதை எல்லா மருத்துவமனைகளிலும் கட்டாயமாக்கியது. டொரண்டோ அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. 101 மருத்துவமனைகளின் கணக்கை எடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் வந்தது. மரணம் 0.71இல் இருந்து 0.65 ஆகியிருந்தது. பட்டியலால் குறைந்தது என்று சொல்லும் அளவுக்கு அந்த வித்தியாசம் இல்லை.

இங்கிலாந்தும் மிச்சிகனைப் பார்த்துத் தன் ஐ.சி.யு.க்களில் ஒரு திட்டம் நடத்தியது. அங்கே தொற்று குறையத்தான் செய்தது. ஆனால் ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்த வேகத்தில்தான் குறைந்தது, திட்டம் தனியாக என்ன கூட்டியது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. மேரி டிக்சன்-வுட்ஸ் தலைமையில் ஆய்வாளர்கள் வார்டுகளில் போய் உட்கார்ந்து பார்த்தார்கள். பல இடங்களில் இது மேலிடத்திலிருந்து இறங்கிய இன்னொரு உத்தரவாகவே பார்க்கப்பட்டது. தொற்றை எண்ணும் முறையே இடத்துக்கு இடம் மாறியது. மற்றவர்களோடு ஒப்பிட்டால் நம் பெயர் கெட்டுவிடுமோ என்ற பயமும் இருந்தது.

மிச்சிகனில் ஏன் பலித்தது என்று அந்தத் திட்டக்காரர்களும் சமூகவியலாளர்களும் சேர்ந்து 2011இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. அங்கே ஐ.சி.யு.க்கள் ஒன்றோடு ஒன்று தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தன. அடுத்த ஊரில் பூஜ்யம் வருகிறது என்றால் நம் ஊரில் ஏன் வரவில்லை என்ற கேள்வியை, மேலதிகாரி கேட்பதற்கு முன் சக டாக்டரும் சக நர்ஸும் கேட்டார்கள். இரண்டாவது, ரத்தத் தொற்றை ஐ.சி.யு.வில் வரத்தான் செய்யும் ஒரு மருத்துவச் சிக்கல் என்று பார்க்காமல், மனிதர்கள் சேர்ந்து வேலை செய்யும் விதத்தில் உள்ள பிரச்சினையாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்படிப் பார்த்தவுடன் நர்ஸின் வாய்ப்பேச்சும் ஒரு சிகிச்சைக் கருவி ஆகிவிட்டது.

இங்கே தமிழ்நாட்டில் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் இப்போது படிவங்களுக்குப் பஞ்சமில்லை. தரச்சான்றுக்கு ஆய்வு வரும் என்றால் இரண்டு நாள் முன்பே எல்லாக் கட்டங்களிலும் டிக் விழுந்துவிடும். படிவம் நிரம்பியிருக்கிறதா என்று பார்ப்பதைவிட, கடந்த மாதம் எத்தனை முறை ஒரு நர்ஸ் ஒரு டாக்டரை நிறுத்தினார், நிறுத்திய நர்ஸுக்கு அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பது உபயோகமாக இருக்கும். ஒருமுறைகூட நிறுத்தவில்லை என்றால், ஒன்று எல்லாரும் எல்லாப் படியையும் தவறாமல் செய்கிறார்கள், இல்லையென்றால் யாரும் வாய் திறப்பதில்லை. எது என்பது அந்த வார்டில் இருப்பவர்களுக்கு நன்றாகவே தெரியும். ஒரு நர்ஸ் ஒரே நேரத்தில் நான்கைந்து ஐ.சி.யு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிற இடத்தில், லைன் போடும்போது பக்கத்தில் நின்று கவனிக்க அவருக்கு நேரம் இருக்கிறதா என்பதையும் நிர்வாகம்தான் யோசிக்க வேண்டும். ஆள் குறைவாக இருக்கும் வார்டில் அறிவைப் பகிருங்கள் என்று சுவரொட்டி ஒட்டுவது நியாயமில்லை.

உங்கள் வீட்டு ஆள் ஐ.சி.யு.வில் இருந்து, லைன் போட்டிருந்தால், பார்வை நேரத்தில் நீங்களும் ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், இந்த லைன் இன்னிக்கும் தேவையா?" ஹாப்கின்ஸில் அதைத் தினமும் கேட்க வேண்டும் என்றே விதி வைத்தார்கள். லைன்மேல் ஒட்டிய கட்டு ஈரமாகியோ, ஓரம் உரிந்தோ இருந்தால், அல்லது நேற்று இல்லாத குளிர் நடுக்கம் இன்று வந்திருந்தால், யாராவது பார்த்திருப்பார்கள் என்று விட்டுவிடாமல் உடனே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.